தூர்ந்த அகழியும் தூராத அகழியும்

கோட்டையைச் சுற்றியுள்ள நீர்ப்பள்ளத்தை நாம் அகழி என்கிறோம். அகழ்தல் என்றால் தோண்டுதல். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'மோட்'. அச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சுகிறது. பழைய பிரெஞ்சு மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பொருள் பள்ளம் அன்று, மேடு!

மேடு எவ்வாறு பள்ளமாயிற்று? 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரக்கோட்டை கட்டினர். மேட்டுக்கு வேண்டிய மண்ணைச் சுற்றிலும் தோண்டி எடுத்தனர். மேடும் பள்ளமும் ஒரே வேலையில் உண்டாயின. நாளடைவில் மேட்டின் பெயர் பள்ளத்திற்கு நிலைத்துவிட்டது. ஒருவர் உயர்ந்து நிற்க, அருகில் ஒரு பள்ளம் விழுகிறது என்பதை இச்சொல் உணர்த்தவில்லையா?

நம் மதுரைக்கும் அகழி உண்டு. மதுரைக்காஞ்சி அதன் ஆழத்தைப் பாடுகிறது. நாயக்கர் காலத்துக் கோட்டையையும் அகழி சூழ்ந்திருந்தது. பகைவர் படையெடுத்த நாளில் அது காவலாயிற்று. அந்நாள் கழிந்தபின் அது நகரை நெருக்கும் தளையாயிற்று. 1837-இல், பிளாக்பர்ன் ஆட்சியராய் இருந்தபோது, மதிலை இடிக்கும் பணி தொடங்கியது. இடித்த மண்ணும் கல்லும் அகழியிலே கொட்டப்பட்டன. மேடே பள்ளத்தை நிரப்பியது! வெளிவீதிகளும் மாரட் வீதிகளும் பிறந்தன. கீழவாசல், தெற்குவாசல் என்று வாசல்களின் பெயர் மட்டும் எஞ்சியது.

ஆனால் எல்லா அகழிகளும் தூர்ந்துவிட்டனவா? நம் மாவட்டத்து உத்தபுரத்தில் 1989-இல் சாதியின் பெயரால் ஒரு சுவர் எழுந்தது. 2008 மே 6 அன்றுதான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எந்தப் பகைவனுக்கு அஞ்சி அதைக் கட்டினார்கள்? ஒரே ஊர் மக்களுக்குத்தானே!

அன்புள்ள பெற்றோரே, புதிய தோழியின் பெயரை நாங்கள் வீட்டில் சொன்னதும், "அவங்க என்ன ஆளுங்க?" என்று சிலர் கேட்கிறீர்கள். பணிவோடு சொல்கிறோம், அந்தக் கேள்வியே ஒரு மண்வெட்டி. தோழியரே, ஆங்கிலம் சரளமாய்ப் பேசுவோர் ஒருபுறம், தடுமாறுவோர் மறுபுறம் என்று மதிய உணவுக்குப் பிரிந்து அமர்வதும் அகழி வெட்டுவதே.

மேடும் பள்ளமும் சமமாகும் நாளைப் பற்றி எசாயா இறைவாக்கினர் உரைத்ததைத் திருவருகைக் காலந்தோறும் கேட்கிறோம். கேட்டால் மட்டும் போதுமா? உயரத்தில் இருப்பவர் முதலில் இறங்கி வர வேண்டும். மதில் மண்ணே அகழியை நிரப்பும் என்பதற்கு நாம் அன்றாடம் நடக்கும் வெளிவீதியே சாட்சி!