வாங்கிய படம் வீட்டில் தங்க வேண்டும்

வீட்டிலுள்ள திரைப்படங்களையும் பாடல்களையும் மணவிழாப் பதிவுகளையும் ஒரே கணிப்பொறியில் சேர்த்து வைத்துக் கூடத்துத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வேண்டும்போது காணும் வசதி இன்று நம் பகுதி வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. இதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. பிளெக்ஸ், கோடி, ஜெல்லிஃபின் என்பன அவற்றுள் சில. (கோடி என்பது ஈண்டு எண்ணன்று, பெயர்.) வன்தட்டில் ஒழுங்கின்றிக் கிடக்கும் படக்கோப்புகளை இம்மென்பொருள் இனங்கண்டு, படத்தின் சுவரொட்டி, வெளிவந்த ஆண்டு, நடித்தோர் பெயர், கதைச் சுருக்கம் ஆகியவற்றைத் தானே தேடிக் கொணர்ந்து, நல்ல நூலகர் நூல்களை அடுக்குவதுபோல் அடுக்கித் தருகிறது. கணிப்பொறியும் நம்முடையது, படம் உறையும் தட்டும் நம்முடையது. இதுவே இதன் தனிச்சிறப்பு.

இந்த வீட்டு நூலகத்தினுள்ளேயே படக்கடை ஒன்றையும் திறந்துவைக்கும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. பிளெக்ஸ் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வாடகைக்குப் படம் தரும் கடையைத் தன் மென்பொருளுக்குள் திறந்தது. அலமாரியில் இல்லாத படத்தைத் தேடி வேறிடம் அலையாமல், அங்கேயே பணம் செலுத்திப் பார்த்துவிடலாம். இத்தகைய கடை தமிழ்ப் படங்களுக்கும் வருமாயின் நான் அதனை வரவேற்பேன். ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. 'வாங்கு' என்று எழுதி விலை பெற்ற படம், வாங்கியவர் வீட்டு வன்தட்டில் வந்து தங்க வேண்டும். தங்காதெனில் அந்தச் சொல்லை அங்கே எழுதக் கூடாது.

திரைப்படம் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதா எனப் பெரியோர் சிலர் தயங்கக்கூடும். சேலத்தார்க்கு அத்தயக்கம் வேண்டுவதில்லை. ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1935ஆம் ஆண்டில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பல மொழிகளில் ஈன்ற கூடம். கலைஞர் மு. கருணாநிதியும் கவிஞர் கண்ணதாசனும் ஊதியம் பெற்று எழுதிய இடம் அது. தமிழ் உரைநடை மேடையிலிருந்து திரைக்கு ஏறிய வரலாற்றை எழுதுவோர் 'மந்திரி குமாரி' (1950) படத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. மாப்பிள்ளை முஸ்லிம்களின் குடும்ப வாழ்வைச் சொன்ன 'கண்டம் பெச்ச கோட்டு' 1961இல் மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படமாக வெளிவந்ததும் சேலத்து நிறுவனத்தாலேயே.

அந்தக் கூடம் மூடிப் பல்லாண்டுகள் ஆயின. முகப்பு வளைவே எஞ்சியது. கட்டடம் அழிந்தது பெரிதன்று, படங்களே அழிந்துள்ளன. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்ததே. அதன் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்திற்கும் இதே கதிதான். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது, வெப்பத்தில் கெடுவது, அதிலுள்ள வெள்ளிக்காகவும் உருக்கப்பட்டது. புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததே 1964ஆம் ஆண்டில்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தமிழ் படித்தவர்க்கு இது பழகிய துயரம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது எவ்வாறு? ஏடுகள் பல வீடுகளிலும் மடங்களிலும் பிரிந்து கிடந்தமையால். ஓரிடத்தில் செல்லரித்தது மற்றோரிடத்தில் பிழைத்திருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் ஏட்டுப் படிகளாக வாழ்ந்தே 1842இல் அச்சேறியது. ஒரே அரண்மனையில் ஒரே ஏடாக இருந்திருந்தால் அவை நமக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. திரைப்படத்திற்கும் இதுவே விதி என்பது என் கருத்து. படிகள் பல கைகளில் இருந்தால் படம் பிழைக்கும்.

இப்போதைய இணையக் கடைகள் இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. 'வாங்கு' என்னும் பொத்தானை அழுத்திப் பணம் செலுத்துகிறோம். நம்மிடம் வருவது படமன்று. பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. படம் கடைக்காரரின் கணிப்பொறியிலேயே இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தார்க்கு இதனை ஓர் உவமையால் எளிதில் விளக்கலாம். கடன் வாங்கி லாரி எடுப்பவரின் ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ்காரர் பெயர் ஏறியிருக்கும். தவணை முழுதும் கட்டித் தீர்ந்ததும் அப்பெயர் நீக்கப்படும். அன்றுதான் வண்டி முழுமையாகத் தம்முடையதாயிற்று என்று உரிமையாளர் மூச்சு விடுவார். இணையக் கடையில் முழுத்தொகையையும் முதல் நாளே கட்டிவிடுகிறோம். ஆயினும் கடைக்காரர் பெயர் புத்தகத்தைவிட்டு நீங்குவதேயில்லை.

வாடகையை நான் குறை கூறவில்லை. எண்பதுகளில் டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று படம் பார்த்த தெருக்கள் நம் ஊர்களில் எத்தனையோ! காலையில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம். அதற்கு வாடகை என்றுதான் பெயர், எவரும் ஏமாறவில்லை. ஒரு சொல் தன் பொருளோடு நிற்கும்வரை வழக்கில்லை. வணிகத்தில் அளவையும் நிறையையும் காப்பதுபோலச் சொல்லையும் காத்தல் வேண்டும்.

இது வீண் அச்சமன்று. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தனக்கு விற்றவரிடம் உரிமை இல்லை எனக் கண்டு, வாசகர்கள் ஏற்கெனவே வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது உண்மை. நூல் போனதும் உண்மை. வாங்கிய படங்களைப் பொதுவாகச் சேர்த்துவைக்கப் பெரிய படநிறுவனங்கள் பல கூடி நடத்திய அல்ட்ராவயலட் என்னும் இணையப் பெட்டகம் 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் படம் விற்பதையே நிறுத்தியது. கலிஃபோர்னியா மாநிலம் இதனைக் கண்டு சட்டமே இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, அனுமதியை மட்டும் தருகிற கடை அதனைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதலாகாது. இணைப்பின்றியும் என்றும் பார்க்குமாறு படத்தை இறக்கிக்கொள்ள விடும் கடைக்கு அக்கட்டுப்பாடு இல்லை. நான் கேட்பதும் அந்த இரண்டாம் வகைக் கடையைத்தான்.

அலிபாபா கதையில் காசிமை நினைத்துப் பாருங்கள். அவன் குகைக்குள் செல்வக் குவியலின் நடுவிலேதான் நிற்கிறான். கதவைத் திறக்கும் சொல் மறந்துபோயிற்று, அவ்வளவே. இணையக் கடையில் அச்சொல் கடைக்காரரிடம் இருக்கிறது. அவர் அதனை மாற்றலாம், மறக்கலாம், கடையையே கட்டிவிட்டுப் போகலாம்.

'கோப்பைக் கையில் கொடுத்துவிட்டால் மறுநாளே ஊரெல்லாம் படியெடுத்துவிடுவார்களே, முதலிட்டவன் என்ன ஆவான்?' என்று படம் எடுப்போர் கேட்பர். நியாயமான கேள்வி. பல குடும்பங்களின் உழைப்பு ஒரு படத்தில் அடங்கியுள்ளது. திருட்டுப் படியைப் பார்ப்பது அவர்களின் கூலியைப் பறிப்பதே. ஆனால் பூட்டு யாரைத் தடுக்கிறது? படம் வெளிவந்த சில நாளிலேயே திருட்டுப் படி உலவுகிறது. பூட்டோடு மல்லாடுபவர் பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமே. இசைத்தட்டு நிறுவனங்களும் இவ்வாறே அஞ்சின. ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் 2009ஆம் ஆண்டிலேயே தன் பாடல்கள் அனைத்தையும் பூட்டின்றி விற்கலாயிற்று. பாட்டுத்தொழில் அதனால் அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு படியிலும் வாங்கியவர்க்குரிய மறைகுறி ஒன்றைப் பொறித்துவிட்டால், அதனை வெளியில் விட்டவர் யாரெனக் காணவும் வழியுண்டு. பூட்டை உடைத்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்க்கு நான் ஒருபோதும் சொல்லவில்லை. உரிமையை மீறும் நோக்கோடு அவ்வாறு செய்வது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நம் நாட்டில் குற்றம்.

கடை நூலகத்துக்குள் வரும்போது மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். இதுகாறும் அம்மென்பொருள் வீட்டாருக்கு மட்டும் பணிசெய்தது. கடை வந்தபின் அதற்கு இரண்டு எசமானர். பாட்டியின் குரலும் பேத்தியின் மணவிழாவும் இருக்கும் அலமாரியில், யார் எதனை எப்போது பார்க்கிறார் என்பதை அறியக் கடைக்காரர்க்கு ஆசை வரும். பிளெக்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரலிலிருந்து, வெளியூரிலிருந்து தன் வீட்டு வன்தட்டிலுள்ள படத்தைப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்கலாயிற்று. 2018இல் எம்பி என்னும் மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, தன்னார்வலர்கள் பிரிந்து ஜெல்லிஃபினைத் திறந்த மூலநிரலாக உருவாக்கினர். ஆதலால் போக்கிடம் இல்லாமல் இல்லை.

நம் இயக்குநர் சேரனும் 2015இல் 'சினிமா டு ஹோம்' என்னும் திட்டத்தால் படத்தைக் குறுந்தகடாக நேரே வீட்டுக்குக் கொண்டுசேர்க்க முயன்றார். அம்முயற்சி நிலைக்காதது தமிழ்த் திரையுலகிற்கு இழப்பே. குறைந்த விலையில் நேர்வழியில் வாங்க மக்களுக்கு மனம் இல்லை என்று நான் நம்பமாட்டேன். கடைதான் இல்லை.

புதுப்படங்களின் நிலை எவ்வாறாயினும், பழம்படங்களுக்குச் சட்டமே வழிவிடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கம் முதல் அறுபது ஆண்டுகள். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திற்கு அது 2016 இறுதியில் முடிந்தது. (பாட்டு, இசை, கதை ஆகியவற்றின் உரிமை ஆசிரியர் காலத்தைப் பொறுத்துத் தனியே கணக்கிடப்படும், அதனை வழக்கறிஞரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.) ஆகவே நாம் இன்று செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுள் எவை முழுமையாகக் கிடைக்கின்றன, எவை குறையாகக் கிடைக்கின்றன, எவை பெயரளவில் மட்டும் உள்ளன என்று ஒரு பட்டியல் வேண்டும். அப்பட்டியல் இல்லாமல் எந்தக் கடையிலும் எதனைக் கேட்பது? கணிப்பொறி அறிவியல் மாணவர் இருவரும் தமிழ்த்துறை மாணவர் இருவரும் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் இதனைத் தொடங்கிவிடலாம். சேலத்துப் பழைய வீடுகளின் பரண்களில் பாட்டுப் புத்தகங்களும் சுவரொட்டிகளும் இன்னும் இருக்கக்கூடும். முதலில் அங்கே போய்க் கேட்க வேண்டும்.