மருந்துக்கும் மஷூரா வேண்டும்

 

நோயுற்றால் மருந்து தேடுவது மார்க்கம் காட்டிய வழி. அந்த மருந்து நம் கைக்கு வருமுன், முகமறியாத சிலர் தம் உடலில் அதைச் சோதித்துப் பார்க்க இசைந்திருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உடலோ அல்லாஹ் தந்த அமானிதம். அதில் சோதனை நடத்த வருபவர் எப்படி வர வேண்டும்? ஆப்பிரிக்கக் கண்டம் இக்கேள்விக்கு இருவேறு விடைகளைக் கண்டிருக்கிறது.

வடக்கு நைஜீரியாவின் கானோ, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பழம்பெரும் நகரம். 1996-இல் அங்கே மூளை உறைக் காய்ச்சல் கொள்ளைநோயாய்ப் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்தொன்றைச் சோதித்தது. 200 குழந்தைகளில் பாதிப் பேருக்குப் புதிய மருந்தும், மீதிப் பேருக்கு வழக்கிலிருந்த மருந்தும் தரப்பட்டன. 11 குழந்தைகள் இறந்தனர். "இது சோதனை என்று எங்களிடம் சொல்லவே இல்லை" எனப் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் அதை மறுத்தது. இறப்புக்கு நோயே காரணம் என்றது. 2009-இல் கானோ மாநில அரசுடன் ஏழரைக் கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

பணத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வேறொன்று உண்டு. 2003-இல் கானோவில் போலியோ சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கப் பதினொரு மாதங்களாயின. அச்சத்திற்குக் காரணங்கள் பல. 1996-இன் நினைவும் அவற்றுள் ஒன்று. அதற்குள் நோய் எல்லை தாண்டி, போலியோ ஒழிந்திருந்த நாடுகளுக்கும் பரவிவிட்டது. அன்று நம்பிக்கையை இழந்தவர்கள் பெரியவர்கள்; கால்களை இழந்தவர்கள் குழந்தைகள்.

அந்த நம்பிக்கையை மீட்டவர்கள் யார்? அமீர்களும் ஆலிம்களும் முன்வந்து மக்களிடம் பேசினார்கள். அந்நிய ஆடவர் நுழையவியலாத வீடுகளுக்குள் அவ்வூர்ப் பெண்களே சென்று, தாய்மார்களுடன் அமர்ந்து ஐயம் தீர்த்தார்கள். 2020 ஆகஸ்ட் 25 அன்று, இயற்கையான போலியோ கிருமி ஆப்பிரிக்காவிலிருந்து ஒழிந்தது எனச் சான்றளிக்கப்பட்டது. சான்றளித்த குழுவின் தலைவர், கேமரூன் நாட்டு மலேரியா ஆய்வாளரான ரோஸ் லேக்கே என்னும் பெண்மணி. தம் நாட்டின் இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு மூத்தோர் கைகொடுத்து வழிகாட்டும் அமைப்பொன்றையும் அவர் உருவாக்கினார். தாம் ஏறிய ஏணியைப் பின்னால் வருவோருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பது அனைவருக்கும் வாய்க்கும் குணமன்று.

இரண்டாவது விடை தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. இந்திய வம்சாவளியில் வந்த டாக்டர் கர்ரைஷா அப்துல் கரீம், 1960-இல் டோங்காட் என்ற சிற்றூரில் பிறந்தவர். எய்ட்ஸ் கிருமி தம் வயதொத்த ஆண்களைவிட இளம்பெண்களையே மிகுதியாகத் தாக்குவதைத் தொடக்க காலத்திலேயே ஆய்ந்து காட்டினார். கணவனை மறுத்துப் பேச இயலாத பெண் தன்னைத் தானே காத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்பதே அவருடைய தேடல். டர்பன் நகரிலும் வுலிண்ட்லேலா என்ற கிராமப்பகுதியிலும் ஊர்த்தலைவர்களோடும் பெண்களோடும் கலந்து பேசி, 889 பெண்கள் மனமுவந்து பங்கேற்க, மருந்து கலந்த களிம்பொன்று சோதிக்கப்பட்டது. தொற்று 39 விழுக்காடு குறைந்தது என்று 2010-இல் அறிவித்தார்.

ஆனால் 2015-இல் முடிவு வெளியான வேறொரு பெரிய சோதனை அப்பயனை உறுதிசெய்யவில்லை. பெற்றோர் வீட்டில் வாழ்ந்த இளம்பெண்கள் பலரால் களிம்பை முறையாகப் பயன்படுத்த இயலவில்லை. மருந்து வலியதாயினும் வாழ்க்கைக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை என்ற பாடம் அப்பெண்களிடமிருந்தே கிடைத்தது.

அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் என்னும் ஊசிமருந்து தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதிக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் கேப்டவுனைச் சேர்ந்த டாக்டர் லிண்டா-கெயில் பெக்கர். சமுதாய ஆலோசனைக் குழுவின் கருத்தைக் கேட்டே சோதனை வகுக்கப்பட்டது. இடையில் கருவுற்ற பெண்களும் விலக்கப்படவில்லை. 2024-இல் முடிவு வந்தது. ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை. 2025 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் அம்மருந்தைப் பரிந்துரைத்தது.

சகோதரிகளே! கானோவில் குறைந்தது மருந்தறிவு அன்று, மஷூரா. திருமறையின் ஓர் அத்தியாயமே கலந்தாலோசனையைப் பெயராகக் கொண்டது. ஏழையின் குடிசை வாசலில் நின்று அனுமதி கேட்பதும் அந்த ஒழுக்கத்தில் அடங்கும். பெண்ணின் நோயைப் பெண்ணிடம் கேட்டறிய, கற்ற பெண்கள் வேண்டும். இதை உணர்ந்தே, வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கான உலக அமைப்பு 1993-இல் கெய்ரோவில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் அன்றைய சுவாசிலாந்தின் லிடியா மக்குபு. ஆப்பிரிக்கப் பெண்கள் பலர் முனைவர் பட்டம் பெற அந்த அமைப்பு உதவித்தொகை அளித்து வருகிறது. உலக அறிவியல் அகாதமிக்கு 2023-இல் முதல் பெண் தலைவராக வந்தவரும் கர்ரைஷா அவர்களே.

மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பேணிய ருஃபைதா (ரலி) அவர்களைப் போற்றும் சமுதாயம் நாம். ஆகவே மருந்துச் சோதனைக்கு உங்களை எவரேனும் அழைத்தால், அஞ்சி ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக் கையொப்பமிடவும் வேண்டாம். இது சிகிச்சையா, சோதனையா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இடையில் விலகிக்கொள்ளலாமா? மருந்து வெற்றி பெற்றால் எங்கள் ஊருக்கும் கிடைக்குமா? இந்நான்கையும் கேளுங்கள். விடை புரியும்வரை கேளுங்கள். விஞ்ஞானம் படிக்க விரும்பும் மகளை "போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள். நாளை இன்னொரு தாயிடம் அமர்ந்து இதே கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லப்போகிறவள் அவளாக இருக்கலாம், இன்ஷா அல்லாஹ்.