பல்லக்கைப் பார்த்தது போதும், தோளைப் பாருங்கள்!

ஆண்டுதோறும் உலகத்தில் ஒரு போட்டி நடக்கிறது. விமானக் கம்பெனிகளில் எது முதல், எது இரண்டாவது என்று தரம் பிரிக்கும் போட்டி. எந்தக் கம்பெனியின் முதல் வகுப்பில் மெத்தை மிருது? எந்த விமான நிலைய ஓய்வுக்கூடத்தில் விருந்து பலம்? எங்கே ஊற்றும் மது உயர்ந்தது? இதையெல்லாம் ஆராய்ந்து மார்க் போடத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. பரிசளிப்பு விழாக்கள் இருக்கின்றன. பளபளக்கும் தாளில் படம் போட்டு எழுதும் பத்திரிகைகள் இருக்கின்றன.

"தறி ஓட்டுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இந்தப் பேச்சு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கலாம். எதற்கென்று சொல்கிறோம். அந்த மெத்தையை விரிப்பவன் தொழிலாளி. அந்த விருந்தைச் சமைப்பவள் தொழிலாளி. அந்தப் பெட்டிகளைத் தூக்குகிறவனும் தொழிலாளிதான். சர்க்காரின் கம்பெனி கடனில் மூழ்கினால் அந்தக் கடனைச் சுமப்பது உப்புக்கும் தீப்பெட்டிக்கும் காசு கொடுக்கும் ஜனங்கள். ஆகவே நாமும் விமானக் கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆனால் நம் தராசு வேறு.

ஆகாயத்தில் அரண்மனை

முதலில் அவர்கள் புகழ்வது எதை என்று பார்த்துவிடுவோம்.

துபாயின் எமிரேட்ஸ் கம்பெனி 2008இல் ஏ-380 என்ற இரட்டை மாடி விமானத்தை ஓட்டத் தொடங்கியது. மேல்மாடியில் முதல் வகுப்பு. கதவு வைத்த 14 அறைகள். அந்த 14 பேருக்கு 2 குளியலறைகள்! முப்பதாயிரம் அடிக்கு மேலே பறந்துகொண்டே வெந்நீரில் குளிக்கலாம். கீழ்மாடியில் நானூறு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அபுதாபியின் எதிஹாத் சும்மா இருக்குமா? 2014இல் அது விமானத்துக்குள் ஒரு வீட்டையே கட்டிக் காட்டியது: கூடம், படுக்கையறை, குளியலறை. சிங்கப்பூர்க் கம்பெனி மேட்டுக்குடிக்கு 12 அறைகள் வைத்திருந்தது. 2017இல் புதிதாக வடிவமைத்தபோது அவற்றை 6 ஆக்கியது. ஏன்? உட்கார நாற்காலி தனியாகவும் படுக்கக் கட்டில் தனியாகவும் வேண்டுமாம்!

தரையிலும் இந்த ராஜபோகம் உண்டு. ஜெர்மனியின் லுப்தான்சா 2004இல் பிராங்க்பர்ட் நகரில் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று தனிக் கட்டடமே எழுப்பியது. தொட்டியில் குளிக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். புறப்படும் நேரம் வந்ததும் விமானத்தின் காலடிவரை கார் கொண்டுபோய் விடும். வரிசையில் நிற்கும் கஷ்டம் கிடையாது.

காலை நீட்டிப் படுப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. எட்டு மணி நேரம் தறிமுன் நின்ற கால்களுக்கு அந்தச் சுகத்தின் அருமை நன்றாகத் தெரியும். ஆனால் மார்க் போடும் கனவான்கள் பல்லக்கின் பட்டையும் குஞ்சத்தையும் மட்டும் அளக்கிறார்கள். தூக்குகிறவன் தோள் புண்ணாகியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம்.

லண்டன்: ஒலிபெருக்கியில் வேலைநீக்கம்

பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு. பிசினஸ் வகுப்பில் முழுக் கட்டிலாக விரியும் நாற்காலியை 2000இல் முதன்முதலாகக் கொண்டுவந்தது அதுதான். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1997இல், அந்தக் கம்பெனி இன்னொரு காரியம் செய்திருந்தது. பயணிகளுக்கு உணவு தயாரித்த தன் சமையற்கூடத்தை கேட் கூர்மே என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டது. நேற்றுவரை விமானக் கம்பெனியின் தொழிலாளர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் வேற்றாளின் கூலிகளானார்கள். வேலை அதேதான், எஜமான் மட்டும் மாறினான்.

அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளிப் பெண்கள். அவர்களிலும் பஞ்சாபியர்கள் அதிகம். 2005 ஆகஸ்ட் 10ஆம் தேதி நிர்வாகம் தற்காலிக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. "எங்கள் வயிற்றில் அடிக்கவா இது?" என்று பெண்கள் உணவுக்கூடத்தில் திரண்டார்கள். நிர்வாகத்தின் பதில் என்ன? ஒலிபெருக்கியில் வேலைநீக்க அறிவிப்பு! சுமார் 670 பேர் வீதிக்கு வந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் நாம் நினைவில் வைக்க வேண்டியது. ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஊழியர்கள். அவர்களுக்கும் இந்தத் தகராறுக்கும் காகிதத்தில் சம்பந்தமில்லை. அனுதாப வேலைநிறுத்தம் அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். ஆனாலும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். விமானங்கள் தரையில் நின்றன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். முதல் வகுப்புக்காரனும் மூட்டைமேல்தான் உட்கார்ந்தான்! கட்டில் நாற்காலியைப் பறக்க வைப்பது யாருடைய கை என்பது அன்று உலகத்துக்குத் தெரிந்தது.

முடிவு முழு வெற்றியல்ல. சிலர் திரும்ப வேலைக்கு வந்தார்கள்; பலர் நஷ்டஈட்டோடு வெளியேறினார்கள்; ஒரு பகுதியினர் கடைசிவரை எடுக்கப்படவே இல்லை. சமையற்கூடத்தை விற்றது எதற்கு என்பது இப்போது விளங்குகிறதல்லவா? சாப்பாடு வேண்டும், சமைக்கிறவளின் பொறுப்பு வேண்டாம்!

தோஹா: பரிசும் தீர்ப்பும்

2015இல் உலகத்தின் முதல் விமானக் கம்பெனி என்ற பரிசைக் கத்தார் ஏர்வேஸ் வாங்கியது. அதே 2015இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஒரு முடிவு கூறியது. உலகத் தொழிற்சங்கங்கள் கொடுத்த புகார்மீது கூறிய முடிவு அது. விமானப் பணிப்பெண் கருவுற்றால் வேலையை விட்டு நீக்கக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. தகப்பன், சகோதரன், கணவன் தவிர வேறு ஆண் எவரும் அவளை வேலைக்குக் கொண்டுவந்து விடவோ அழைத்துப் போகவோ கூடாது என்றும் விதி இருந்தது. இது பெண்களுக்கு எதிரான பாரபட்சம் என்று ஸ்தாபனம் கூறியது. கம்பெனி பிறகு விதிகளைத் தளர்த்தியது. பரிசுக்கு மயங்கியா தளர்த்தியது? இல்லை, சங்கங்களின் புகார்தான் கழுத்தைப் பிடித்தது.

பணிப்பெண்ணின் புன்னகைக்கும் மார்க் உண்டு. அந்தப் புன்னகைக்குப் பின்னால் இருந்த பயத்துக்கு மார்க் போட எந்தக் கட்டமும் இல்லை! அந்நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கும் உரிமை கிடையாது. அதே கம்பெனி விமானத்தின் பின்வரிசையில், கட்டட வேலைக்காகச் சென்னையிலிருந்து தோஹா போகும் நம் ராமநாதபுரத்துப் பிள்ளையும் இருக்கிறான். முன்னே இருக்கும் பணிப்பெண்ணும் பின்னே இருக்கும் கொத்தனாரும் ஒரே சட்டத்தின் கீழ்தான் வாயடைத்து நிற்கிறார்கள்.

சிட்னி: பெயர்ப்பலகை இல்லாத கதவு

ஓய்வுக்கூடம் என்பது நாற்காலியும் காபியும் மட்டுமல்ல. 1939இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி நியூயார்க்கில் முதல் ஓய்வுக்கூடத்தைத் திறந்தபோது, காசு கொடுத்து உள்ளே போக முடியாது. கம்பெனி அழைக்க வேண்டும். அந்தப் பரம்பரை இன்றும் அறுந்துபோகவில்லை. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி "சேர்மன் ஓய்வுக்கூடம்" என்று ஒன்றை நடத்துகிறது. கம்பெனி அழைத்தவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். மந்திரிகள், பார்லிமெண்ட் மெம்பர்கள், நீதிபதிகள், உயர் அதிகாரிகள், பெருங்கம்பெனி டைரக்டர்கள் அங்கே உட்காருகிறார்கள். கம்பெனிகளைக் கண்காணிக்க வேண்டியவர்கள் கம்பெனியின் சோபாவில்!

இதே குவாண்டாஸ் 2011 அக்டோபர் 29ஆம் தேதி, மூன்று சங்கங்களோடு தகராறு என்று சொல்லி, உலகமெங்கும் தன் விமானங்கள் அத்தனையையும் தரையில் நிறுத்திக் கதவடைப்பு அறிவித்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில், பெட்டி தூக்குவோர், விமானம் துடைப்போர் என்று 1,820 பேர் செய்துவந்த வேலையை அப்படியே கண்டிராக்டுக்கு விட்டது. அந்தக் காலத்தில் அது சர்க்காரிடமிருந்து பெற்ற உதவி சுமார் 270 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஜனங்களின் பணம் ஒரு கையில். ஜனங்களின் வேலைநீக்கக் கடிதம் மறு கையில்!

சங்கம் விடவில்லை. கோர்ட்டுக்குப் போயிற்று. 2023 செப்டம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வேலைநீக்கம் சட்டவிரோதம் என்று முடித்தது. தொழிலாளர்கள் கூட்டு பேரம் பேசும் உரிமையையும் வேலைநிறுத்த உரிமையையும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதும் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்று என்பதே வழக்கின் சாரம். 2024 டிசம்பரில் 12 கோடி டாலர் நஷ்டஈடு ஒப்புக்கொள்ளப்பட்டது. 2025 ஆகஸ்டில் கோர்ட்டு 9 கோடி டாலர் அபராதமும் போட்டது. பெயர்ப்பலகை இல்லாத அந்தக் கதவுக்குள் பெட்டி தூக்கியவனை யாரும் அழைக்கவில்லை. அவன் சங்கத்தின் கதவு வழியாக நியாயத்தைத் தேடி எடுத்தான்.

நம் வீட்டுக் கணக்கு

இனி ஏர் இந்தியா. 1932இல் டாட்டா தொடங்கியது. 1953இல் தேசவுடைமை ஆனது. 2022 ஜனவரி 27இல் மறுபடியும் டாட்டாவிடம் போயிற்று. விலை 18,000 கோடி ரூபாய் என்று தம்பட்டம் அடித்தார்கள். அதில் ரொக்கம் 2,700 கோடி. மீதி 15,300 கோடி, ஏற்றுக்கொண்ட கடன். ஆனால் கம்பெனியின் மொத்தக் கடன் 61,562 கோடி! பாக்கி 46,262 கோடி எங்கே போயிற்று? சர்க்காரின் தனிக் கம்பெனி ஒன்றின் தலையில் ஏற்றினார்கள். அதோடு சில நிலங்களும் கட்டடங்களும் சர்க்கார் பக்கம் நின்றன. அவற்றின் மதிப்பு 14,718 கோடி. கடனில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. விமானமும் வழித்தடமும் முதலாளிக்கு, கடன் நமக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இப்போது அந்தக் கம்பெனியின் புதிய ஏ-350 விமானத்தில் கதவு வைத்த 28 பிசினஸ் அறைகள் இருக்கின்றன. பின்னால் 264 சாதாரண இருக்கைகள். பத்திரிகைகள் பாராட்டுகின்றன. அதே சமயம், ஏர் இந்தியாவிலிருந்து பிரித்தெடுத்த தரைப்பணிக் கம்பெனி 2024 ஜூலையில் பம்பாயில் ஆள் எடுத்தது. பெட்டி ஏற்றி இறக்கும் வேலை முதலான சுமார் 2,200 இடங்கள். நிரந்தர வேலையும் அல்ல. வந்து மொய்த்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பட்டதாரிகளும் அந்த நெரிசலில் நின்றார்கள். அறைகளின் படத்தைப் பார்த்தவர்கள் இந்தப் படத்தையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

"காசு கொடுக்கிறவன் அனுபவிக்கிறான்" என்பவர்களுக்கு

யாருடைய காசு? பிசினஸ் வகுப்புச் சீட்டுகளில் பல கம்பெனிக் கணக்கில் வாங்கப்படுபவை. அந்தச் செலவு தொழில் செலவாக எழுதப்படுகிறது, லாபத்தில் கழிகிறது, அந்த அளவுக்கு வரி குறைகிறது. பஞ்சாலையில் "போனஸ் கொடுக்கப் பணமில்லை" என்று கை விரிக்கும் முதலாளியின் கட்டில், அதே ஆலையின் கணக்குப் புத்தகத்தில்தான் விரிகிறது.

"பணக்காரன் அதிகம் கொடுப்பதால்தான் ஏழையின் சீட்டு மலிவாகிறது" என்கிறார்கள். முன்னே ஒரு கட்டிலுக்கு இடம் கொடுக்கப் பின்னே எத்தனை முழங்கால் நெருக்கப்படுகிறது என்று ஏன் சொல்வதில்லை? உலக வங்கி 2013இல் வெளியிட்ட ஆய்வே சொல்கிறது: முதல் வகுப்புப் பயணி ஒருவரின் பங்கில் சேரும் கரிப்புகை, சாதாரண வகுப்புப் பயணியைப்போல் 9 மடங்குவரை போகும். மழை பொய்த்து வயலில் வேலையில்லாமல் நிற்கும் கூலிக்காரன் விமானத்தில் ஏறியதே இல்லை. அந்தப் புகையின் கூலியை மட்டும் அவன் கொடுக்கிறான்!

நம் மார்க்

ஆக, எந்தக் கம்பெனி முதல்? நம் கேள்விகள் வேறு. பெட்டி தூக்குகிறவன் நிரந்தரத் தொழிலாளியா, கண்டிராக்ட் கூலியா? சமைக்கிறவள் நோயில் விழுந்தால் சம்பளம் உண்டா? பணிப்பெண் தாயாகலாமா? சங்கம் அமைக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு "ஆம்" என்று பதில் சொல்லும் கம்பெனிக்கு நாம் மார்க் போடுவோம். அதுவரை பரிசுக் கோப்பைகளைக் கண்ணாடிப் பெட்டியிலேயே வைத்திருக்கட்டும்.

அந்தப் பதிலைத் தானாக எந்த முதலாளியும் சொல்லமாட்டான். சொல்ல வைக்க வேண்டும். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கம்பெனியின் விமானப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில், உடம்பு சரியில்லை என்று ஒரே நேரத்தில் வேலைக்கு வராமல் நின்றார்கள். விமானங்கள் ரத்தாயின. கம்பெனி 25 பேரை நீக்கியது. மற்றவர்கள் கலையவில்லை. மே 9ஆம் தேதி தொழிலாளர் கமிஷனர் முன்னிலையில் பேச்சு நடந்தது. 25 பேரின் நீக்கமும் வாபஸ் ஆயிற்று. வெள்ளைச் சட்டை போட்டவர்களுக்கும் அன்று நம் பழைய பாடம்தான் கை கொடுத்தது.

தோழர்களே! பல்லக்கு எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் அது யாருடைய தோளிலோதான் நிற்கிறது. ஹீத்ரோவில் அந்தத் தோள்கள் ஒரு நாள் விலகின. பல்லக்கு தரையில் உட்கார்ந்தது. ஆலையிலும் வயலிலும் இருக்கும் தோள்களும் அதே இனம்தான். ஒன்று நோகும்போது மற்றது விலகி நிற்கக் கூடாது.