பேப்பர் இழுக்கலையா? பிரிண்டரைத் தூக்கிப் போடாதீங்க!

வீட்டுப் பிரிண்டர் பேப்பரை இழுக்காமல் வெறுமனே சுற்றினால் போதும், "ஆயுசு முடிஞ்சிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எழுதாமல் என்ன செய்வார்கள்? ரிப்பேரில் என்ன பெரிய லாபம் கிடைத்துவிடப் போகிறது!

உள்ளே நடப்பது ரொம்பச் சாதாரணம். தாளைப் பிடித்து இழுப்பது பிக்கப் ரோலர் என்கிற சின்ன ரப்பர் உருளை. தாளிலிருந்து உதிரும் நார்த்தூசியும், வெண்மைக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புத் தூளும் அதன்மேல் படிந்து படிந்து வழவழவென்று ஆகிவிடும். பிடிமானம் போச்சு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் உதிராத துணியை லேசாக நனைத்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் மறுபடி இழுக்க ஆரம்பித்துவிடும். செலவு? ஒரு பைசா கிடையாது.

நாலைந்து தாள் ஒன்றாகப் போனால் அது வேறு கதை. மழைக்காலத்தில் பேப்பர் கட்டைப் பிரித்துத் திறந்தபடியே வைத்திருப்பார்கள், தாள் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும். பிரிண்டர் மேல் பழி! சீட்டுக்கட்டு போல விசிறி, ஓரத்தைத் தட்டி அடுக்கினாலே போதும்.

சிக்கிய தாளைப் படக்கென்று பின்பக்கம் பிடுங்குவதுதான் மகா தப்பு. கிழிந்த துண்டு சென்சாரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தாளே இல்லாமல் 'பேப்பர் ஜாம்' என்று புலம்பிக்கொண்டிருக்கும். போகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும். (பின்பக்கத் தட்டுக்குள் குழந்தைகள் போட்ட பென்சில் இருக்கிறதா என்றும் பாருங்கள்!)

கியர் பல்லே உடைந்திருந்தால் கடைக்குப் போகத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ரோலர் தேயும் என்று கம்பெனிகளுக்குத் தெரியாதா? ஆபீஸ் லேசர் பிரிண்டர்களுக்கு ரோலரைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி விற்கிறார்கள். வீட்டு இங்க்ஜெட் மாடல்கள் பலவற்றில் அதை எட்டவே மேல்மூடி முழுக்கப் பிரித்தாக வேண்டும். இதற்குப் பெயர் வடிவமைப்பாம்.

வாங்கியவன் கை வைக்கக் கூடாது என்கிற புத்தி புதுசல்ல. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் அடிக்கடி ஜாம் ஆனது. ஜாம் ஆனால் எல்லோருக்கும் தகவல் போகும்படி நிரலைத் திருத்த நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் கிடைக்கவில்லை. 1983-ல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கடுப்பும் ஒரு காரணம்.

வீட்டுப் பிரிண்டர்காரர் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. ரோலரைத் தொட ஒரு மூடி, தேய்ந்தால் கடையில் தனியாக ஒரு ரோலர்.