இளநீரா, தேங்காய்த் தண்ணீரா?

டிஷ்யூ கல்ச்சர் லேபுக்குள் ஒருவன் இளநீரோடு நுழைந்தால், "என்னப்பா, வெயில் தாங்கலியா?" என்று கேலி பண்ணும் கூட்டம் நம்மிடையே உண்டு. ஆர்க்கிட் குடுவைக்குள் வாழைப்பழக் கூழ் போகிறது என்றால் கேட்கவே வேண்டாம். பாட்டி வைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை.

ஆர்க்கிட் விதை வெறும் தூசு. உள்ளே முளைசூழ்தசை கிடையாது. கட்டுச்சோறு இல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பிய பிள்ளை மாதிரி! காட்டில் அதற்குச் சோறு போடுவது ஒரு பூஞ்சை. 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்சன், பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த அகாரில் அதை முளைக்க வைத்துக் காட்டினார். இளநீர் என்பதோ தென்னை தன் கருவுக்காகச் சேர்த்துவைத்த திரவ முளைசூழ்தசை. சர்க்கரை, அமினோ அமிலம், பொட்டாசியம், செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் எல்லாம் அதில் இருக்கிறது. இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுக்கிறான். இதில் கேலிக்கு என்ன இருக்கு?

எதிர்க்கட்சியின் ஒரு வாதம் மட்டும் நியாயமானது. ஒரு காய் போல இன்னொரு காய் இருக்காது. உள்ளே என்ன எவ்வளவு என்று சொல்ல முடியாது. சரி, அப்படியானால் எழுதி வைக்க வேண்டாமா? எந்த ரெக்கார்டைப் புரட்டினாலும் 'கோகனட் வாட்டர் 15%' என்று ஒரே வரி. எந்தக் காய்?

1941-ல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருக்களை இதைக்கொண்டு வளர்த்தபோது, கட்டுரைத் தலைப்பில் 'தேங்காய்ப் பால்' என்றே போட்டார்கள். நம் வீட்டு அடுப்படியில் சொன்னால் சிரிப்பார்கள். இளநீர் வேறு, தேங்காய்த் தண்ணீர் வேறு, தேங்காய்ப் பால் வேறு என்று நமக்கு மூன்று சொல் இருக்கிறது. வழுக்கை விழாத காயா, விழுந்ததா, முற்றியதா என்பதைப் பொறுத்துச் சர்க்கரையும் ஹார்மோனும் மாறும். இவ்வளவு தெரிந்த ஊர்க்காரன் ரெக்கார்டில் மட்டும் ஏன் ஊமையாகிறான்?

வாழைப்பழமும் அப்படித்தான். பூவனா நேந்திரனா, காயா கனிந்ததா என்று குறிக்க வேண்டும். பழுக்கப் பழுக்க மாவு சர்க்கரையாகிவிடும். கூழ் சேர்த்த பிறகு பி.எச். பார்க்காமல் ஆட்டோகிளேவில் வைத்தால், புளிப்பு மிஞ்சி அகார் உறையாமல் கஞ்சியாக நிற்கும்.

நாளைக்கு நம்மில் ஒருவர் கடன் வாங்கிச் சின்னதாக ஒரு ஆர்க்கிட் லேப் தொடங்கலாம். விலை கூடிய ஹார்மோன் பாட்டிலுக்குப் பதில் இளநீர் கைகொடுக்கும். ஆனால் இந்த மாதம் நன்றாக வந்த நாற்று அடுத்த மாதம் வராமல் போனால், காரணம் தேட அவரிடம் இருப்பது அந்த ஒரு வரிதானா?

ஆகவே என் கோரிக்கை: வெட்டிய தேதி, காயின் பருவம் எழுதிய சீட்டு பாட்டிலில் ஒட்டியிருக்கட்டும். பக்கத்திலேயே இளநீர் சேர்க்காத நாலு குடுவை, அதே ஊடகம், அதே வெளிச்சம். மிச்ச இளநீரை யார் குடிப்பது என்பதை யூனியன் கூடி முடிவு பண்ணட்டும்!