லாபோர்த்னு ஒரு குடும்பப் பேரு

"பிரெஞ்சு குடியுரிமையா? குடுத்து வெச்சவங்கப்பா!" புதுச்சேரிக்காரங்களப் பத்திப் பேச்சு வந்தா எங்க ஆபீஸ்ல யாராவது இதைச் சொல்லாம இருக்க மாட்டாங்க. சென்னீர்குப்பத்துல இருந்து தினமும் போய் பொட்டி தட்டுற எனக்கும் ஆன்சைட், விசான்னா வாயில எச்சில் ஊறும்தான், மறுக்கல :) ஆனா அவங்க கதைய லாட்டரி சீட்டு மாதிரி பேசறது அநியாயம்ங்க.

1873ல பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு வக்கீல் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கிட்டு புதுச்சேரி கோர்ட்டுக்குப் போனார். இந்தியன் ஷூ காலோட வரக்கூடாதுன்னுட்டாங்க. மனுஷன் விடல. பாரீஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயிச்சார். ஒரு ஜோடி ஷூவுக்காக!

1881ல ஒரு ஆணை வந்துது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம், புதுக் குடும்பப் பேரு வெச்சுக்கலாம். பொன்னுத்தம்பி வெச்சுக்கிட்ட பேரு லாபோர்த். பிரெஞ்சுல 'கதவு'ன்னு அர்த்தம். அவருக்குப் பின்னாடி அந்தக் கதவு வழியா வந்தவங்கள்ல நிறைய பேரு தலித்துகள், கிறிஸ்தவங்க. சாதிய ஒரு கையெழுத்துல கழட்டி வைக்க முடியும்னா யாருதான் போட மாட்டாங்க? அப்பவும் வெள்ளைக்காரன் முழுசா சேத்துக்கல. 1884ல ஐரோப்பியருக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணு, மத்த இந்தியருக்கு ஒண்ணுன்னு மூணு வாக்காளர் பட்டியல் போட்டான்.

1954 நவம்பர் 1ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துது. 1956ல போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. அன்னைலேர்ந்து ஆறு மாசம் டைம். பிரெஞ்சு குடியுரிமை வேணும்னா எழுதிக் குடுக்கணும், சும்மா இருந்தா தானா இந்தியன். எழுதிக் குடுத்தவங்க சில ஆயிரம் பேர்தான். ஒரே வீட்டுல அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியன்னு ஆனதெல்லாம் இப்படித்தான்.

இந்தோசீனாவுல பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை 'சொல்தா'ன்னு ஊரே கூப்பிட்டுது. அந்தப் பேச்சுல பாதி மரியாதை, பாதி பொறாமை. துரோகின்னு சொன்னவங்களும் உண்டு. என்னைக் கேட்டா, சொந்த ஊர்ல கிடைக்காத மரியாதைய ஒரு காகிதத்துல தேடினவன துரோகின்னு சொல்ல நமக்கு என்ன அருகதை இருக்கு?

மஞ்சச் சுவரு முன்னாடி நின்னு போட்டோ புடிக்கறோம், நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கும் அதே ஊர்ல பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு வரிசையில நின்னு ஓட்டுப் போடற தமிழங்க இருக்காங்க. அடுத்த தடவை போறவங்க அவங்ககிட்ட விசா எப்படி வாங்கறதுன்னு கேக்காம, அந்தக் குடும்பப் பேரு எப்படி வந்துதுன்னு கேளுங்க.