மூடிய கேம் சர்வர் திரும்பி வந்தால், பழைய ஊரும் திரும்பி வருமா? ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ சொல்லும் பாடம்

2012-ல் ஒரு ஆன்லைன் கேமை அதன் நிறுவனம் மூடியது. 2019-ல் ரசிகர்களே அதை மீண்டும் ஓடவைத்தார்கள், அனுமதி இல்லாமல். 2024-ல் அதே நிறுவனம் அந்த ரசிகர்களுக்கு முறைப்படி உரிமம் கொடுத்தது. கேம் உலகத்தில் இப்படி ஒரு திருப்பம் அபூர்வம். மூடிய சர்வர் எப்படித் திரும்பி வருகிறது, திரும்பிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது, நாம் காசு கொடுத்து விளையாடும் கேம் உண்மையில் யாருடையது? விரிவாகப் பார்ப்போம்.

அது என்ன கேம்?

‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2004 ஏப்ரலில் வெளியானது. உருவாக்கியது அமெரிக்காவின் கிரிப்டிக் ஸ்டுடியோஸ், வெளியிட்டது தென் கொரியாவின் என்சிசாஃப்ட். பாரகன் சிட்டி என்ற கற்பனை நகரத்தில் நீங்கள் ஒரு சூப்பர் ஹீரோ. 2005-ல் ‘சிட்டி ஆஃப் வில்லன்ஸ்’ வந்தபிறகு வில்லனாகவும் வாழலாம்.

இந்த கேமின் பெரிய ஈர்ப்பு சண்டையைவிட வேஷம்தான். முகமூடி, அங்கி, பூட்ஸ், நிறம் என்று ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, அதுவரை யாரும் பார்க்காத ஒரு ஹீரோவைச் செய்துகொள்ளலாம். அவருக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பும் எழுதி வைக்கலாம். வழியில் பார்ப்பவர்கள் அதை கிளிக் செய்து படிப்பார்கள். 2009-ல் வந்த ஒரு அப்டேட், விளையாடுபவர்களே சொந்தமாகக் கதை எழுதி அதை மற்றவர்களுக்கு விளையாடக் கொடுக்கவும் வழி செய்தது.

ரோல்பிளே என்றால் என்ன?

தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர் விடியும்வரை அந்தப் பாத்திரமாகவே நிற்பார் இல்லையா? கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம், இங்கே எழுதி வைத்த கதை கிடையாது. எதிரில் நிற்பவர் பேசுவதற்கு உங்கள் பாத்திரம் என்ன பதில் சொல்லுமோ அதை நீங்கள் தட்டச்சு செய்வீர்கள். அப்படியே நட்பு, பகை, காதல், துரோகம் எல்லாம் வளரும். பல வருடங்கள்கூட ஓடும்.

‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ கேமுக்குப் பல சர்வர்கள் இருந்தன. அதில் ‘வெர்ச்சூ’ என்ற சர்வரை ரோல்பிளே ஆட்கள் தங்கள் ஊராக ஆக்கிக்கொண்டார்கள். நிறுவனம் அறிவித்து நடந்ததல்ல, பழக்கத்தில் அமைந்தது. கேமுக்குள் இருந்த ‘பாக்கெட் டி’ என்ற இரவு விடுதியில் ஹீரோக்களும் வில்லன்களும் சண்டையில்லாமல் சந்திக்கலாம். எதிரியை அடித்தால் பாயின்ட் கிடைக்கும் ஒரு கேமில், அடிக்காமல் உட்கார்ந்து பேசவே பலர் அங்கே போனார்கள்.

சர்வரை நிறுத்தினால் ஏன் எல்லாமே போய்விடுகிறது?

நம் கம்ப்யூட்டரில் இருப்பது ‘கிளையன்ட்’. நகரத்தின் வரைபடம், கட்டிடங்கள், ஒலி, உருவங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் உங்கள் பாத்திரம் எந்த லெவலில் இருக்கிறது, பையில் என்ன வைத்திருக்கிறது, எந்தக் குழுவில் இருக்கிறது, எதிரி எப்போது எங்கே வருவான், பக்கத்தில் நிற்பவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.

சர்வர் நின்றதும், கையில் மிஞ்சுவது ஆளில்லாத நகரத்தின் படம் மட்டும்தான். அந்த நகரத்துக்குள் போகவும் வழி இருக்காது.

மூடிய கேமை மீட்க இரண்டு வழிகள் உண்டு. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளையன்டுக்கும் சர்வருக்கும் நடுவில் என்ன தகவல் போய்வருகிறது என்று கவனித்து, அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு சர்வரைப் புதிதாக எழுதுவது முதல் வழி. பல வருட உழைப்பு அது. நிறுவனத்தின் அசல் சர்வர் கோடு எப்படியோ வெளியே கிடைப்பது இரண்டாவது வழி. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விஷயத்தில் நடந்தது இரண்டாவது.

மூடியபோது என்ன நடந்தது?

2012 ஆகஸ்ட் 31. கேமை அப்போது நடத்திவந்த பாரகன் ஸ்டுடியோஸை மூடுவதாக என்சிசாஃப்ட் அறிவித்தது. நிறுவனத்தின் கவனம் வேறு பக்கம் திரும்புகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். நவம்பர் 30 கடைசி நாள்.

நடுவில் இருந்த மூன்று மாதங்களில் ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அட்லஸ் பார்க் என்ற தொடக்க இடத்தில் ஹீரோக்கள் தீப்பந்தம் ஏந்திக் கூட்டமாக நின்றார்கள். தங்கள் பாத்திரத்தின் தகவல்களை ஒரு ஃபைலாக எடுத்துவைக்க ‘டைட்டன் நெட்வொர்க்’ என்ற ரசிகர் குழு ஒரு மென்பொருளை எழுதிக் கொடுத்தது. ஆனால் கேம் மூடப்பட்டது.

அதே குழு பின்னாளில் ‘பாரகன் சாட்’ என்ற ஒன்றைச் செய்தது. பழைய கிளையன்டை வைத்து நகரத்துக்குள் நடக்கலாம், பறக்கலாம், மற்றவர்களோடு பேசலாம். சண்டை கிடையாது, லெவல் கிடையாது. ரோல்பிளே ஆட்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. இந்தச் சமூகம் எதை இழந்ததாக நினைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? அவர்கள் தேடியது பேசுவதற்கு ஒரு தெருமுனை.

ஆறு வருட ரகசியம்

2019 ஏப்ரலில் ஒரு தகவல் வெடித்தது. கேமின் அசல் சர்வர் கோடு ஒரு சிறு குழுவின் கையில் இருக்கிறது. அழைப்பு பெற்ற சிலர் மட்டும் சுமார் ஆறு வருடங்களாக ரகசியமாக விளையாடி வருகிறார்கள். சேர்ந்தவர்கள் வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு.

சமூகம் கொதித்தது. “நாங்க இங்க துக்கம் கொண்டாடிட்டு இருந்தோம், நீங்க உள்ள உட்கார்ந்து விளையாடிட்டு இருந்தீங்களா?” என்பதுதான் கோபத்தின் சாரம். வேறு கேமுக்குப் போகாமல் காத்திருந்தவர்கள் உண்டு. ‘சிட்டி ஆஃப் டைட்டன்ஸ்’ போல, அதே உணர்வைத் தரும் புது கேம்களை உருவாக்கக் கைக்காசு கொடுத்தவர்களும் உண்டு.

ரகசியம் காத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வெளியே தெரிந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும், இருக்கிற ஒரே சர்வரும் போய்விடும் என்ற பயம் கற்பனை அல்ல. அனுமதி இல்லாத சர்வர்களுக்கு அப்படித்தான் நடந்துவந்தது.

இரண்டு பக்கமும் உண்மை இருப்பதால்தான் இந்தச் சண்டை இன்றும் சிலருக்கு ஆறாமல் இருக்கிறது. ரகசியமாக வைத்ததால் கேம் பிழைத்தது என்று சொல்லலாம். ஆனால் ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று ஊர்க்காரர்களையே வெளியே நிறுத்தினால், காப்பாற்றியது எதை?

அழுத்தம் தாங்காமல் சில நாட்களிலேயே கோடு பொதுவெளிக்கு வந்தது. பல குழுக்கள் சர்வர் தொடங்கின. அவற்றில் பெரியதாக வளர்ந்தது ‘ஹோம்கமிங்’.

திரும்பிப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது?

நகரம் அப்படியே கிடைத்தது. அதே சிலை, அதே தெரு, அதே இசை. பாக்கெட் டி-யும் திறந்திருந்தது. மாதச் சந்தா கிடையாது. குழுத் தலைமையகம் கட்ட முன்பு கேமுக்குள் சேர்த்து வைத்துச் செலவழிக்க வேண்டியிருந்த பொருட்கள் இப்போது இலவசம். ரோல்பிளே ஆட்கள் இந்தமுறை ‘எவர்லாஸ்டிங்’ என்ற சர்வரில் குடியேறினார்கள்.

கிடைக்காதது பழைய பாத்திரங்கள். எல்லோரும் முதல் லெவலில் இருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. 2012-ல் வேஷத்தை ஃபைலாக எடுத்து வைத்தவர்கள் அதை வைத்து முகத்தையும் உடையையும் மீட்டார்கள். மற்றவர்கள் பழைய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வரைந்தார்கள். பெயரிலும் சிக்கல். ஒரு சர்வரில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான், முந்தியவருக்கே அது.

இதைவிடப் பெரிய வெற்றிடம் மனிதர்கள். கேம் மூடிய நாளில் கல்லூரி முதல் வருடத்தில் இருந்தவர், ஹோம்கமிங் வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கதை வளர்த்தவருக்கு இப்போது வீட்டில் குழந்தை இருக்கலாம். கேமுக்குள் மட்டுமே பழகிய நண்பரின் நிஜப் பெயர் தெரியாது, போன் நம்பரும் கிடையாது. அவர் திரும்பி வருவாரா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ரோல்பிளேயில் இது கூடுதலாக வலிக்கும். சண்டை கேமில் ஒரு ஆள் குறைந்தால் வேறொருவரைச் சேர்த்து ஆடிவிடலாம். கதையில் உங்கள் பாத்திரத்தின் தம்பியாக நான்கு வருடம் இருந்தவர் வராவிட்டால், அந்தக் கதை அங்கேயே நிற்கிறது. சிலர் பழைய கதையை முடித்துவைத்தார்கள், சிலர் “ஏழு வருடம் காணாமல் போய்த் திரும்பிய ஹீரோ” என்று அந்த இடைவெளியையே கதையாக்கினார்கள், சிலர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். மூன்றும் நியாயமான முடிவுகளே.

உரிமம் ஏன் முக்கியம்?

2024 ஜனவரி 4-ம் தேதி, என்சிசாஃப்டிடம் இருந்து உரிமம் கிடைத்துவிட்டதாக ஹோம்கமிங் குழு அறிவித்தது. கேமின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். நடத்துவது ரசிகர் குழு. செலவு நன்கொடையில் ஓடும்; தேவையான தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்திவிடுவது இவர்களின் வழக்கம்.

அதுவரை விளையாடிய ஒவ்வொருவருக்கும் ‘நாளைக்குக் காலையில் சர்வர் இருக்குமா?’ என்ற கேள்வி இருந்தது. ஒருமுறை இழந்தவர்கள் மறுபடி மனதைக் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் உரிமம் குறைத்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உரிமம் கிடைத்தது ஹோம்கமிங்குக்கு மட்டும். அதே கோடை வைத்து நடக்கும் மற்ற சர்வர்களுக்கு அது பொருந்தாது.

எல்லா கேமுக்கும் இப்படி நடக்குமா?

நடக்காது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமின் பழைய வடிவத்தை ‘நோஸ்டால்ரியஸ்’ என்ற ரசிகர் சர்வர் நடத்தியது. பிளிஸார்ட் நிறுவனத்தின் சட்ட எச்சரிக்கைக்குப் பிறகு 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டது. ஆனால் அதற்கு எழுந்த ஆதரவு வீண்போகவில்லை. 2019 ஆகஸ்டில் பிளிஸார்ட் தானே ‘கிளாசிக்’ வடிவத்தை வெளியிட்டது, ரோல்பிளேக்கென்று தனி சர்வர்களோடு.

நம் ஊர் ஆட்களுக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு, அது ரோல்பிளே கேம் இல்லை என்றாலும். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியபோது, பழைய கணக்கின் தகவல்களை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். பலருக்கு ஸ்கின் வரை திரும்பக் கிடைத்தது. ஏனென்றால் அந்தத் தகவல் அழியாமல் இருந்தது, அதைத் திறந்துவிடவும் நிறுவனம் தயாராக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரும்பாலான கேம்களில் நாம் வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. ‘ஓகே’ என்று அழுத்தும் ஒப்பந்தத்தில் இது இருக்கும்.

- அமெரிக்கா: நூலகங்களும் அருங்காட்சியகங்களும், தங்களிடம் முறைப்படி வந்த கைவிடப்பட்ட ஆன்லைன் கேம்களைத் தங்கள் வளாகத்துக்குள் இயக்கிப் பாதுகாக்க 2018-ல் விலக்கு கிடைத்தது. வெளியே இருந்து யாரும் சேர முடியாது. பாதுகாத்தது போல ஆகும், ஆனால் ரோல்பிளே நடக்காது.
- கலிஃபோர்னியா: டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று விற்பவர்கள், அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் அமலில் உள்ளது.
- ஐரோப்பா: 2024 மார்ச் 31-ல் ‘தி க்ரூ’ கேமின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுத்தியதைத் தொடர்ந்து ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் தொடங்கியது. நிறுவனம் விலகினாலும் கேம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

திரும்பிப் போகும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. சர்வருக்கு உரிமம் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த நாளும் மூடலாம் என்று தெரிந்தே போங்கள்.
2. பணம் எங்கிருந்து வருகிறது, கணக்கை வெளியிடுகிறார்களா?
3. வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள். அதிகாரப்பூர்வ பக்கத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் கிளையன்டை இறக்க வேண்டாம்.
4. பாத்திரத்தின் கதை, வேஷம், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.
5. நெருக்கமானவர்களோடு, இருவருக்கும் சம்மதம் என்றால், கேமுக்கு வெளியேயும் ஒரு தொடர்பு வையுங்கள்.

“அட, கேம்தானே, போனா போகுது” என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. பாரகன் சிட்டியின் கட்டிடங்களைக் கட்டியது நிறுவனம். அங்கே நடந்த கதைகளை எழுதியது சந்தா கட்டி வந்தவர்கள். கட்டிடத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பேச சட்டங்கள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. கதைகளின் சாவிக்கு இன்னும் யாரும் வழி சொல்லவில்லை. அதுவரை, ஐந்தாவது குறிப்புதான் கைகொடுக்கும்.